மாடியிலிருந்து மலைக்கோட்டை: அந்தி வெளிச்சம் படத்தில் வர வழி சொல்லுங்க

வணக்கம். திருச்சி உறையூரில் எங்க வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே மலைக்கோட்டை தெரியும். சாயங்காலம் மேற்கு வெயில் பட்டு, பாறை பத்து நிமிஷம் தேன் நிறத்தில் நிற்கும். அப்புறம் வானம் ஊதாவாகி, உச்சிப்பிள்ளையார் கோயில் விளக்குகள் எரியும். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்றோம். அம்மாவுக்கு இதைப் பெரிசா பிரிண்ட் போட்டுக் கொடுக்கணும்.

கேமரா கேனான் 1500டி, 18-55 லென்ஸ். ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் (கேமராவே நிறத்தைச் சரிபண்ணும் அமைப்பு) அந்தத் தேன் நிறமே வெளுத்துப்போகுது. அதை கிளவுடிக்கு (மேகமூட்டத்துக்கான, மஞ்சள் கூட்டும் அமைப்பு) மாற்றி வைத்தால் போதுமா, ரா-வில் (கேமரா பதிந்த முழுத் தகவலும் இருக்கும் கோப்பு) எடுத்துப் பிறகு திருத்தணுமா? விளக்கு எரிந்தபின் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 வைத்தால் படமெல்லாம் புள்ளி. ட்ரைபாட் இல்லை, கைப்பிடிச் சுவரில் வைத்து, ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமரில் எடுக்கலாமா? எடுத்துப் பழகியவங்க சொல்லுங்களேன்.