பொருள்: 'டிட்சிங்': தமிழில் என்ன? (நாளை மாலைக்குள் வேண்டும்)

அன்புள்ள நண்பர்களுக்கு,

விமானப் பணியாளர் பயிற்சிப் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை மாலை ஒப்படைக்க வேண்டும். ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். ஓடுபாதைக்குப் போய்ச்சேர முடியாத விமானத்தை, விமானி வேறு வழியின்றித் தெரிந்தே ஆற்றிலோ கடலிலோ இறக்குவதை ஆங்கிலத்தில் 'டிட்சிங்' என்கிறார்கள். பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு 2009 ஜனவரி 15: நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ320, ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் வாத்துக் கூட்டத்தில் மோதி, இரண்டு எஞ்சினும் சக்தி இழந்து, மூன்றரை நிமிடத்துக்குள் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. இருந்த 155 பேரும் பிழைத்தார்கள்.

முதலில் 'நீர்த் தரையிறக்கம்' என்று எழுதினேன். நீரும் தரையும் ஒரே சொல்லில் முட்டிக்கொண்டதால் அழித்துவிட்டேன். இப்போதைக்கு 'நீரிறக்கம்' என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

அன்புடன்,
ம.

---

அன்புள்ள ம. அவர்களுக்கு,

'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்பது நன்னூல். ஆகவே நீர் + இறக்கம் = நீரிறக்கம்; புணர்ச்சியில் பிழையில்லை. தொகையில்தான் சிக்கல். நீங்கள் நினைப்பது ஏழாம் வேற்றுமை, 'நீரின்கண் இறக்கம்'. படிப்பவர் காதில் விழுவதோ ஆறாம் வேற்றுமை, 'நீரினது இறக்கம்', அதாவது வெள்ளம் வடிவது. 'குடலிறக்கம்' நோயின் பெயராக நிலைத்துவிட்ட மொழியில் 'நீரிறக்கம்' என்றால் இன்னொரு நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பறவைகளைப் பாருங்கள். நாரை குளத்தில் இறங்குவதை 'அமர்தல்' என்கிறோம். 'நீரமர்வு' என்று வைக்கலாம். 'நீர்ப்படிவு' என்றும் யோசித்தேன், ஆனால் அது வண்டலைக் குறித்துவிடும். 'நீர்ப்படை' ஓசையில் அழகு. ஆனால் தொல்காப்பியத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று வருவது வீரக்கல்லை நீராட்டும் சடங்கு. சிலம்பில் அப்பெயரில் ஒரு காதையே உண்டு. இறந்தவருக்கான சொல்லை எல்லாரும் பிழைத்த நிகழ்வுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. 'விமானி' எதற்கு? புறநானூறு 27இல் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. 'வலவன்' என்றே எழுதலாமே. இரண்டு எஞ்சினும் கைவிட்ட பிறகு அந்த ஊர்தியை ஏவிக் கரைசேர்த்தது வலவனின் கைதானே!

இரா.

---

இரா. ஐயாவுக்கு வணக்கம்.

'நீரமர்வு' அழகான சொல், ஆனால் இந்த இடத்தில் பொருந்தாது. மிதவை பொருத்திய விமானங்கள் நாள்தோறும் நீரில் அமர்கின்றன. அது அவற்றுக்கு வழக்கமான இறக்கம். ஹட்சனில் நடந்ததை அமர்வு என்று சொல்ல முடியாது. அடித்த வேகத்தில் பின்பகுதியின் அடித்தோல் கிழிந்தது. உள்ளிருந்த ஓர் உலோகத் தூண் தளத்தைத் துளைத்துக்கொண்டு வந்து, பின்னால் இருந்த பணிப்பெண்ணின் காலைக் கிழித்தது. பின்வாசல்கள் நீருக்குள் போயின. படத்தில் மக்கள் இறக்கைமேல் வரிசையாக, ஆற்று நீரில் கால் நனைய நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்று அந்த நீர் 5 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருந்தது. அடுத்த சில நிமிடங்களில் படகுகள் வந்தன.

அப்புறம், ஏ320இன் விமானியறையில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் திறப்புகளை அது மூடும். அன்று அதை அழுத்தவில்லை. கையிலிருந்த சரிபார்ப்புப் பட்டியல் 20,000 அடிக்கு மேலே எஞ்சின்கள் நின்றால் செய்யவேண்டியவற்றுக்காக எழுதப்பட்டது. அந்த வரிக்குப் போய்ச்சேர நேரமில்லை. அழுத்தியிருந்தாலும் கிழிசல் வழியே நீர் வந்திருக்கும். நான் சொல்ல வந்தது: இந்தச் சொல் ஒரு பொத்தான்மேல் அடங்க வேண்டும். 'டிட்சிங்' என்றே தமிழில் எழுதிவிடலாம். பயிற்சிக்கு வருபவர் நாளைக்கு வேலையில் கேட்கப்போவதும் அதைத்தான்.

க.

---

க. தம்பி,

பொத்தானை விடுங்கள், இருக்கையில் இருப்பவரை நினையுங்கள். அன்று கேப்டன் சலன்பர்கர் கட்டுப்பாட்டு நிலையத்திடம் 'டிட்சிங்' என்று சொல்லவில்லை. ஹட்சனில்தான் இறங்கப்போகிறோம் என்ற பொருளில் நேராகவே சொன்னார். பயணிகளிடம் சொன்னது மோதலுக்கு ஆயத்தமாகச் சொல்லும் ஒரே வரி. அதில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை.

1996இல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் கடலோரம் விழுந்தது. 175 பேரில் 50 பேர்தான் பிழைத்தார்கள். மிதவைச் சட்டையை உள்ளேயே ஊதிவிட்ட பலர், நீர் ஏற ஏறக் கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போனார்கள். பணியாளர் வாயிலிருந்து வருவது கேட்டவுடன் புரியும் தமிழாக இல்லையென்றால் உயிர் போகும். 'விமானம் தண்ணீரில் இறங்குகிறது. சட்டையைப் போடுங்கள். வெளியே போகும்போது ஊதுங்கள்.' இதில் கலைச்சொல் எங்கே வேண்டும்?

செ.

---

செ. அம்மா சொல்வது அறிவிப்புக்குச் சரி. பாடநூலில் தலைப்பு, அட்டவணை, சொல்லடைவு எல்லாம் உண்டே, அங்கே வாக்கியம் போட முடியுமா? 'டிட்சிங்' என்பதும் அவர்கள் மொழியில் வாய்க்காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பேச்சு வழக்கு. அவர்கள் வாய்க்காலிலிருந்து எடுத்தால், நாம் ஏன் நம் நீர்நிலையிலிருந்து எடுக்கக் கூடாது?

தரை பற்றியும் சொல்ல வேண்டும். 2023இல் சந்திரயான்-3 நிலவில் 'தரையிறங்கியது' என்றுதான் எல்லாரும் எழுதினோம். தரை என்றால் தாங்கும் பரப்பு. ஆனால் நீர் தாங்காதே! சீவக சிந்தாமணியில் அரசி விசயை ஏறிப் பறக்கும் மயிற்பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அதுவும் கட்டாயத்தால் நேர்ந்த இறக்கம்தான். அதையொட்டி 'இடுக்கண் இறக்கம்' என்று ஒரு பொதுச்சொல் செய்து, நீருக்கு 'புனல் இடுக்கண் இறக்கம்'...

இரா.

---

ஐயா, புனல் என்றால் இப்போது எண்ணெய் ஊற்றும் புனல்தான் நினைவுக்கு வரும். வேண்டாமே.

க.

---

அனைவருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது, இப்படிச் செய்கிறேன். தலைப்பிலும் சொல்லடைவிலும் 'அவசர நீரிறக்கம்'. 'அவசர' முன்னால் நிற்பதால் மிதவை விமானத்திலிருந்து பிரிந்துவிடுகிறது. நோய் என்ற குழப்பமும் குறைகிறது. முதல் முறை வரும்போது பக்கத்திலேயே 'டிட்சிங்'. அறிவிப்பு வரிகள் செ. அம்மா எழுதியபடியே, சொல் மாற்றாமல். 'வலவன்' இந்தப் பதிப்பில் இல்லை, ஐயா, மன்னியுங்கள்.

ம.

---

'அவசர' வடசொல் என்பதைப் பதிவு செய்துவைக்கிறேன். ஆறாம் வேற்றுமைச் சிக்கலும் அப்படியேதான் இருக்கிறது. 'நீரமர்வு' என்பதை மிதவை விமானத்துக்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

இரா.