ஏற்காட்டில் ஒரு இகுவானா: உடனே உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை எங்கள் காபித் தோட்டத்தில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு பச்சை இகுவானா (வெளிநாட்டுப் பெரிய பல்லியினம்) கிடந்தது. வாலோடு சேர்த்து மூன்றடி இருக்கும். பெரிய ஓணான் என்றுதான் முதலில் நினைத்தோம். தாடைக்குக் கீழே தொங்கும் தோலையும், கன்னத்தில் காசு மாதிரி இருக்கும் வட்டச் செதிலையும் பார்த்த பிறகுதான் புரிந்தது. பின்காலில் நைலான் கயிறு இறுகி, பாதம் வீங்கியிருக்கிறது. யாரோ ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய் மலையில் விட்டுப் போயிருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

இது மத்திய, தென் அமெரிக்க வெப்பக் காட்டுப் பிராணி. ஏற்காட்டு ராத்திரிக் குளிரைத் தாங்காது. அட்டைப்பெட்டியில் வைத்து மேலே பல்பு போட்டிருக்கிறேன். செம்பருத்திப் பூ இரண்டு தின்றது, அவ்வளவுதான். கயிற்றை அறுக்கப் பயமாக இருக்கிறது.

சேலத்தில் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் யாராவது தெரியுமா? நாளை காலை வனத்துறையில் ஒப்படைக்கப் போகிறேன். இப்படி ஒப்படைத்த அனுபவம் உள்ளவர்கள், எழுத்தில் என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இகுவானாக்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும்.

சர்க்கஸில் சிங்கம், புலியை ஆட வைப்பதை 1998-லேயே தடுத்தார்கள். ஆனால் இப்போது இகுவானா மாதிரிப் பிராணிகளைக் கைபேசியிலேயே பேரம் பேசி வாங்குகிறார்கள்.

“எனக்குக் கொடுங்கள், வளர்க்கிறேன்” என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.