அம்மாவுக்குக் காட்ட கண்புரை ஆபரேஷன் வீடியோ வேண்டும்

வணக்கம். அம்மாவுக்கு வயது 68. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். "கண்ணையே வெளியே எடுத்து வைத்துத்தான் செய்வார்களாமே" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை.

யூடியூபில் தேடிப் பார்த்தேன். கண்ணை வெளியே எடுப்பதெல்லாம் இல்லை. பேகோ என்கிற புரை ஆபரேஷன் முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டுதான். அல்ட்ராசவுண்டு அதிர்வில் புரை உடைந்து உறிஞ்சப்படுகிறது, மடித்த லென்ஸ் உள்ளே போய் விரிகிறது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் காட்டினால், இமையை விரித்துப் பிடிக்கும் கம்பியைப் பார்த்ததுமே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். என் தப்புதான், நிஜ ஆபரேஷனைக் காட்டியிருக்கக் கூடாது.

ரத்தம், கத்தி இல்லாமல், படமாக வரைந்து தமிழில் பொறுமையாக விளக்கும் வீடியோ யாருக்காவது தெரியுமா? ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. கண் மருத்துவர் யாராவது பேசியதாக இருக்கட்டும். "சொட்டு மருந்திலேயே புரை கரையும்" வகை வேண்டாம். அதைத்தான் சொந்தக்காரர்கள் தினமும் அனுப்புகிறார்கள்.

அப்புறம், ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்து விடும் முறையைக் காட்டும் வீடியோ இருந்தாலும் அனுப்புங்கள். இப்போதே எங்கள் வீட்டில் பாதி மருந்து கன்னத்தில்தான் வழிகிறது.