விராலா, கெண்டையா, கெளுத்தியா? உங்கள் தூண்டிலுக்குப் பிடித்த மீன் எது?

எனக்கு எப்போதும் விரால்தான். தண்ணீருக்குள் இருந்தாலும் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டிய மீன் அது. அல்லி இலைகளுக்கு நடுவே ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், அன்றைக்கு நான் வேறு இடத்துக்கு நகர மாட்டேன்.

போன மழைக்குப் பிறகு அப்படி ஓர் இடத்தில் தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை இலை மேல் போட்டு, மெல்லத் தண்ணீரில் நழுவவிட்டேன். பின்னாலேயே ஓர் அலை வந்தது. நிறுத்தினேன், அலையும் நின்றது. தவளையை ஒரு விரல்கடை அசைத்தேன். தண்ணீர் வெடித்தது! பதறிப்போய் உடனே சுண்டினால் தவளை மட்டும்தான் திரும்பி வரும், பலமுறை அப்படி விட்டிருக்கிறேன். இந்த முறை இரண்டு எண்ணிவிட்டு, தூண்டில் நரம்பு விறைத்த பிறகு சுண்டினேன். கொடிக்குள் புகப் பார்த்தது, விடாமல் இழுத்துக் கரையேற்றினேன். பாம்புத் தலை, வழவழவென்று உருண்டை உடம்பு. தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டபோதும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வேண்டுகோள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளித்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும், பக்கத்தில் எது வந்தாலும் பாயும். அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரைதான்.

*

அண்ணே, விராலுக்கு நீங்கள் சொன்ன பொறுமை சரி. கெண்டைக்கு வேறு மாதிரிப் பொறுமை வேண்டும். அதற்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான். இரையை உறிஞ்சிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் துப்பிவிடும். தண்ணீர்மேல் மிதக்கும் தக்கை சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் அடியில் கிடக்கும் ஈயக் குண்டோடு சேர்த்து இரையைத் தூக்கும். அப்போது தக்கை முங்காது, மேலே எழும்பிப் படுத்துவிடும்! முங்கட்டும் என்று காத்திருந்தே முதல் வருடம் எத்தனையோ கெண்டையைத் தவறவிட்டேன். அந்தப் படுத்த தக்கையைப் பார்க்கத்தான் இன்றும் விடியும் முன்பே எழுந்து போகிறேன்.

*

என் ஓட்டு கெளுத்திக்கு. கலங்கிய தண்ணீர், இருட்டு, எதுவும் அதற்குத் தடை இல்லை. மீசையாலேயே இரையைத் தேடி வந்துவிடும். பிடிக்கும்போது மட்டும் கவனம். பக்கவாட்டு முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும், குத்தினால் கை கடுக்கும். முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். அந்த முள்ளை அசைத்துக் ‘கிர்... கிர்...’ என்று அது எழுப்பும் சத்தம் உள்ளங்கையில் அதிரும்.