ஊதாத் தேன்சிட்டா, நீண்ட அலகுத் தேன்சிட்டா? பிரித்தறிய உதவி தேவை

கேள்வி (உப்புவெளி)

வணக்கம். எங்கள் வளவில் செவ்வரத்தைக்கும் வாழைப்பொத்திக்கும் வருகின்ற, நிழலில் கறுப்பாகவும் வெயில் பட்டவுடன் ஊதாவும் நீலமுமாகவும் மினுங்குகின்ற ஆண் தேன்சிட்டுகள் எல்லாம் ஒரே இனம்தானா என்று தெளிவுபடுத்த வேண்டுகிறேன். இரண்டு இனங்களுக்கும் இறக்கையடியில் மஞ்சள் இறகுக்கொத்து இருப்பதால் அதையும் நம்ப முடியவில்லை. பூவின் முன் அந்தரத்தில் நிற்பதைக் கண்ட அயலவர்கள் இவற்றை ஓசனிச்சிட்டு (ஹம்மிங் பறவை) என்கிறார்கள்.

மறுமொழி (நிலாவெளி)

ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. நம் தேன்சிட்டுகளும் சில நொடிகள் அந்தரத்தில் நிற்கும். ஆயினும் பெரும்பாலும் காம்பைப் பற்றிக்கொண்டுதான் தேன் குடிக்கும்.

மினுக்கம் வெயிலுக்கேற்ப மாறும் என்பதால் முதலில் அலகைப் பாருங்கள். நீண்ட அலகுத் தேன்சிட்டின் அலகு தலையைவிட மிக நீளமாக, அரிவாள்போல் நன்கு வளைந்திருக்கும். ஊதாத் தேன்சிட்டின் அலகு குட்டையானது, வளைவும் குறைவு. அடுத்ததாக வயிற்றைக் கவனியுங்கள். முன்னதற்கு நெஞ்சின் குறுக்கே அரக்குச் சிவப்புப் பட்டையும், அதன் கீழே மினுக்கமற்ற கபில நிற வயிறும் இருக்கும். பின்னதற்கு வயிறும் கருநீலமே. சில நூல்கள் லோட்டன் தேன்சிட்டு என்று குறிப்பிடுவதும் நீண்ட அலகுடையதைத்தான். 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவரின் பெயர் அது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு இனங்களும் வருவது தெரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் குழப்புகிறது: கீழ்ப்புறம் மஞ்சள், தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவே ஒரு கறுப்புக் கோடு, தோளில் சிறிது நீல மினுக்கம். அலகு குட்டையானது.

மறுமொழி (கன்னியா)

அது இனப்பெருக்க காலம் முடிந்து மங்கல் இறகுக்கு மாறிய ஆண் ஊதாத் தேன்சிட்டு. இளம் ஆணுக்கும் அத்தகைய கோடு வரும் என்றாலும், தோளின் நீல மினுக்கம் வளர்ந்த பறவையையே காட்டுகிறது.

பெண் பறவைகளிலும் கவனம் தேவை. தொண்டை சாம்பல் கலந்த வெள்ளையாகவும், நெஞ்சு மஞ்சளாகவும், இறக்கையில் செங்கபிலச் சாயலும் இருந்தால், அது நம் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் மூன்றாவது இனமான ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெண். தொண்டையும் மஞ்சளாக இருந்தால் மீண்டும் அலகைத்தான் பார்க்க வேண்டும். எனவே, பறவை பக்கவாட்டில் திரும்பி, அலகு பூவுக்கு வெளியே இருக்கும் கணத்தில் படம் எடுங்கள். பூவுக்குள் அலகு புதைந்துள்ள படத்தை வைத்து எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது.