ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

பாளையங்கோட்டையிலிருந்து

சகோதரிகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பேச்சு வந்தது. நாம் நொந்து கிடந்த நேரத்தில் யார் சொன்னது, யார் செய்தது நம்மைத் தூக்கி நிறுத்தியது? யார் சொன்னது இன்றைக்கும் குத்துகிறது? சாட்சி சொல்ல எழுந்தால் முடிவு நன்றாக அமைந்த கதைதான் வாயில் வருகிறது. இங்கே முடிவு வராத கதையையும் எழுதலாம். பேர் வேண்டாம், ஊர் போதும்.

நானே ஆரம்பிக்கிறேன். கல்யாணமாகிப் பல வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. வேதாகமத்தில் வரும் அன்னாள் கதையை எனக்குச் சொல்லாத ஆளே கிடையாது. அழுதாள், ஜெபித்தாள், சாமுவேல் பிறந்தான் என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். நடுவில் இருப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். சக்களத்தி பெனின்னாள் வருஷாவருஷம் அவளைக் குத்திக்காட்டினாள். உதடு மட்டும் அசைவதைப் பார்த்த ஏலி, குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஆசாரியனே அப்படி! பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று புருஷன் எல்க்கானா கேட்டான். நல்ல மனுஷன்தான், ஆனால் அவனுக்கும் விஷயம் பிடிபடவில்லை. எனக்கு அன்னாளைப் பிடித்துப்போனதே இந்த நடுப்பகுதியால்தான்.

ஒரு ஞாயிறு, சொந்தக்காரர் குழந்தைக்கு ஞானஸ்நானம். நான் ஆலயத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் சங்கத்துப் பெரியம்மா ஒருவர் முருங்கைக்கீரைக் கட்டோடு வந்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கீரை உருவினோம். அவர் மருமகளைப் பற்றிக் குறை சொன்னார், நானும் ஆர்வமாகக் கேட்டேன். கிளம்பும்போது, "ஜெபம் பண்ணட்டுமா, இல்ல இப்படியே போய்ட்டு வரட்டுமா?" என்றார். "இன்னைக்கு வேண்டாம் பெரியம்மா." "சரிம்மா." அவ்வளவுதான். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்காமலே தலையில் கை வைத்துவிடுவார்கள்.

பிறகு ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள், வாய் ஓயாது. "ஆண்டவர் உங்களுக்குச் சொந்தப் பிள்ளையையும் தருவார்" என்று அவள் எதிரிலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கொடுக்கும் பதிலை இங்கே எழுத முடியாது.

நாசரேத்திலிருந்து

அக்கா, என் கதை வேறே. என் வீட்டுக்காரர் கிறிஸ்தவர் இல்லை. விரும்பிக் கல்யாணம் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை என்னையும் பிள்ளைகளையும் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடிகிறவரை வெளியே வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டு இருப்பார். பிரசங்கம் நீண்டால் அவருக்குத்தான் சிரமம், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சங்கத்தில் ஜெபக்குறிப்பு வாசிக்கும்போது மட்டும் எனக்கு உடம்பு கூசும். சர்க்கரை நோய், கால் முறிவு, கோர்ட் கேஸ், அதற்கடுத்து என் புருஷன். அவரையும் ஒரு வியாதி மாதிரி வரிசையில் வைத்துவிட்டார்கள்.

புதிதாக மாறி வந்த ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் முதல் வசனத்தை எடுக்கச் சொன்னார்கள். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் அம்மா விசுவாசமுள்ள யூதப் பெண், அப்பா கிரேக்கர். இன்னொரு இடத்தில் பவுல் பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும் பேர் சொல்லிப் பாராட்டுகிறார். அப்பா பிறகு என்ன ஆனார் என்று வேதத்தில் இல்லை. "அந்த வீட்டிலும் தினமும் சோறு பொங்கியிருப்பாங்க, பிள்ளையை வளர்த்திருப்பாங்க. நீ உன் வீட்டைப் பார், புருஷன்கிட்ட பிரியமா இரு. மிச்சம் உன் கையில இல்ல" என்றார்கள். அடுத்த கூட்டத்திலேயே ஜெபக்குறிப்பில் என் வரியை எடுத்துவிடவும் சொல்லிவிட்டார்கள்.

பொங்கலுக்குப் பிள்ளைகள் என் வீட்டுக்காரரின் அப்பா வீட்டுக்குப் போகிறார்கள். ராத்திரி என்னோடு குடும்ப ஜெபம் பண்ணுகிறார்கள். சின்னவன் தினமும் அப்பா பைக்குக்கும் சேர்த்து ஜெபிப்பான்.

தாம்பரத்திலிருந்து

என் மகனுக்கு ஆட்டிசம். ஆலயத்தில் அவன் சத்தம் போடுவான், எழுந்து நடப்பான். முன்பு நாங்கள் போய்க்கொண்டிருந்த சபையில், பிள்ளையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரில் கேட்குமே என்று அன்பாகத்தான் சொன்னார்கள். கொஞ்ச நாள் வெளியே இருந்து கேட்டேன். பிறகு போவதை விட்டுவிட்டேன்.

மார்ச் முதல் வெள்ளியில் வரும் உலக ஜெப நாள் உங்களுக்குத் தெரியுமே, வருஷத்துக்கு ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதித் தருவார்கள். 2025இல் பசிபிக்கில் இருக்கிற குக் தீவுகளின் முறை. வேதத்திலுள்ள 139ஆம் சங்கீதத்தை வைத்து எழுதியிருந்தார்கள். நம்மை ஆண்டவர் அதிசயமாக உண்டாக்கினார் என்பதுதான் அந்த வருஷத் தலைப்பு. தோழி ஒருத்தி வற்புறுத்தியதால் போனேன். உண்மையைச் சொன்னால், தலைப்பைக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது. அதிசயம் என்று பாட்டில் சுலபமாகப் பாடிவிடலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அலமாரிச் சாமான் எல்லாவற்றையும் கீழே இறக்கி வைக்கிறவனை யார் பார்ப்பது?

இவன் வழக்கம்போல நடுப்பாதையில் நடக்க ஆரம்பித்தான். பிடிக்க எழுந்தேன். நடத்திக்கொண்டிருந்த அம்மா என்னைக் கையசைத்து உட்காரச் சொல்லிவிட்டு, காணிக்கைப் பையை அவன் கையில் கொடுத்தார். எதையாவது தூக்கிக்கொண்டு நடப்பதென்றால் அவனுக்கு உயிர், அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. வரிசை வரிசையாக நின்று நின்று வந்தான். ஒரு பாட்டி காசு போடத் தாமதித்தபோது அவர் முன்னாலேயே நின்றுவிட்டான், நகரவே இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். அவனைப் பார்த்துச் சிரித்தும் எனக்கு வலிக்காதது அதுதான் முதல் தடவை.

இப்போது அந்தச் சபைக்குத்தான் போகிறோம். அவன் இன்னும் சத்தம் போடுகிறான். காணிக்கை எடுப்பதும் அவன்தான்.

மெஞ்ஞானபுரத்திலிருந்து

எல்லாரும் எழுதியதை மருமகள் வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவளே இதையும் எழுதுகிறாள். ஒரு விஷயத்தில் எனக்கு உங்களோடு ஒத்துப்போகவில்லை. ஜெபம் பண்ணுகிறவர்களையும் வசனம் சொல்ல வருகிறவர்களையும் ரொம்பக் குறை சொல்லாதீர்கள், பிள்ளைகளா. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 23ஆம் சங்கீதம் மனப்பாடம், அதுதான் அவள் சொத்து. துக்க வீட்டுக்குப் போனால் அதைச் சொல்லிவிட்டு வருவாள். வேறு எதைக் கொடுப்பாள்?

அவளிடம் இன்னொன்றும் இருந்தது, கைப்பிடி அரிசி. உலை வைக்கும் முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். திருநெல்வேலிக்காரர்கள் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்து, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள் இல்லையா? அந்த ஊழியத்துக்கென்றுதான் எடுத்து வைப்பாள். பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912இல் அங்கே பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயர் ஆனது அதுதான் முதல் முறை. தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது.

கூட்டத்தில் பேச வராது என்று வெட்கப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1876இல் இங்கிலாந்தில் அன்னையர் சங்கத்தை ஆரம்பித்த மேரி சம்னர் அம்மாவே முதல் கூட்டத்தில் பேசப் பயந்துபோய், அடுத்த வாரம் வாருங்கள் என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார்களாம். ஆரம்பித்தவருக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஊர் வேண்டாம்

என் வீட்டுக்காரர் குடிப்பார். என் கதை இன்னும் முடியவில்லை. உங்கள் எல்லாருடையதையும் வாசித்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து மறுபடியும்

ஊர் சொல்லாத சகோதரி, எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு நாங்கள் எதுவும் சொல்லப்போவதில்லை. பேச வேண்டும் என்று தோன்றினால், என் நம்பர் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடலாம். உங்களையோ பிள்ளைகளையோ அவர் அடிக்கிறார் என்றால் 181க்குப் போன் பண்ணுங்கள், பெண்களுக்கான அரசு உதவி எண். பொறுத்துப் போ என்று சபையில் யாராவது சொன்னால் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மெஞ்ஞானபுரம் அம்மா, நீங்கள் சொன்னது சரிதான். கைப்பிடி அரிசியைப் பற்றிப் பொருளாளரிடம் பேசினேன். மிஷனெரிப் பங்கு அப்படியே இருக்கட்டும். அதோடு இன்னொரு கலயம் வைத்து, பிரசவமான வீடு, ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிற வீடு என்று நம் சபைக்குள்ளேயே கொடுக்கலாமா என்று கேட்டேன். கமிட்டியில் கேட்க வேண்டுமாம். கமிட்டியில் உள்ளவர்கள் வீட்டிலும் நாம்தானே உலை வைக்கிறோம், பார்க்கலாம்.