1958 அட்டையை விட்டு எடுக்கலாமா? நிறம் ஏறின ஃபிராங்க்ளின் அரை டாலர் பஞ்சாயத்து

எடிசன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் பென்சில்வேனியாவுல ஒரு பெரியவர் காலமான வீட்டுல சாமான்களை வித்தாங்க. அங்கே 1958 மின்ட் செட் (அமெரிக்க நாணயச்சாலையே அட்டையில வெச்சு வித்த காசுத் தொகுப்பு) ஒண்ணு மாட்டுச்சு. உறை, அட்டை எல்லாம் அப்படியே. மொத்தம் இருபது காசு, முகமதிப்பு 3 டாலர் 64 சென்ட். எனக்குக் கண்ணெல்லாம் அதுல இருக்கிற நாலு ஃபிராங்க்ளின் அரை டாலர் மேலதான், ஒரு பக்கம் ஃபிராங்க்ளின் தலை, மறுபக்கம் மணி. பிலடெல்பியா நாணயச்சாலையில அடிச்சது ரெண்டு, டென்வர்ல அடிச்சது ரெண்டு.

அட்டையில வட்டத் துளை, துளைக்குள்ள காசு. ஜோடியில ஒண்ணு தலைப்பக்கம் காட்டுது, இன்னொண்ணு மணிப்பக்கம் காட்டுது. பிலடெல்பியா ஜோடி ரெண்டு நாளா என்னைத் தூங்க விடல. விளிம்புல மயில்கழுத்து நீலம், அதுக்கு உள்ளே கத்தரிப்பூ நிறம், ஃபிராங்க்ளின் கன்னத்துக்கிட்ட வரும்போது தேன் மாதிரி மஞ்சள். விளக்குக்குக் கீழே சாய்ச்சா அந்த நிறத்துக்கு அடியில ஒளி காற்றாடி மாதிரி சுத்துது. டென்வர் ஜோடி லேசா மஞ்சளோட நின்னுடுச்சு.

கேள்வி இதுதான்: அட்டையிலேயே விடவா, எடுத்து, காசு வைக்கிற பிளாஸ்டிக் காப்ஸ்யூல்ல போடவா?

டல்லாஸ் பழஞ்சில்லறை:
தம்பி, கையை எடுங்க. அட்டை மேல கை வைக்காதீங்க.

இந்த அட்டைக் காலம் 1947-லேர்ந்து 1958 வரைக்கும்தான். நடுவுல 1950-ல செட்டே போடல. 1959-லேர்ந்து பிளாஸ்டிக் உறைக்கு மாறிட்டாங்க. 1958-ல வித்ததே 50,314 செட். அதையும் வருஷா வருஷம் யாராவது பிரிச்சுக்கிட்டேதான் இருக்காங்க, நாலு அரை டாலரை உருவிட்டு மிச்சத்தைச் சில்லறையா தள்ளிவிடுறாங்க. அந்த நிறத்துக்குச் சாட்சி அந்த அட்டைதான். வெளியே எடுத்துட்டா அது இன்னொரு கலர் காசு, அவ்வளவுதான். நாளைக்கு ஒருத்தன் "இது அடுப்புல வெச்சு ஏத்துனதா?"ன்னு கேட்டா என்னத்தைக் காட்டுவீங்க?

கார்பன் கலா:
பழஞ்சில்லறை சார் சொல்ற சாட்சிதான் குற்றவாளியும். அந்த அட்டையிலயும் காகிதத்திலயும் இருக்கிற கந்தகம்தான் இந்த வேலையைப் பார்த்தது. காசுல 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு. ஈரப்பதம் இருக்கிற காத்துல கந்தகச் சேர்மம் கலந்தா வெள்ளி மேல வெள்ளி சல்ஃபைடு படலம் படியும். அதுல நிறமின்னு எதுவும் கிடையாது. படலத்தோட மேற்பரப்புல பட்டுத் திரும்புற ஒளியும், அடியில வெள்ளியில பட்டுத் திரும்புற ஒளியும் ஒண்ணோட ஒண்ணு மோதுறதுலதான் நிறம். மழைநாள்ல ரோட்டுல சிந்தின பெட்ரோல் மாதிரி.

ஆக நீங்க பார்க்கிறது படலத்தோட தடிமன். முதல்ல மஞ்சள், அப்புறம் செம்பழுப்பு, கத்தரிப்பூ, அப்புறம் நீலம். அதைத் தாண்டினா ரெண்டாவது சுத்து: மறுபடி மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை. அதுக்கும் மேல போனா கறுப்பு. கறுப்புக்கு அப்புறம் திரும்பி வர வழி இல்லை. எடிசன்வாசி விளிம்பு நீலம்னு எழுதியிருக்கார். முதல் சுத்தோட கடைசி அது. ஓடுற வண்டி அழகான ஸ்டேஷன்ல நிக்குதுங்கிறதுக்காக வண்டியிலேயே உட்கார்ந்திருப்பீங்களா?

பளிச்:
அம்மா தாயே, படலம், சுத்துன்னு எதுக்கு இவ்வளவு? கறுத்துப்போன வெள்ளிக்கு எங்க பாட்டி ஒரே வார்த்தைதான் சொல்லுவாங்க: அழுக்கு. 1958-ல நாணயச்சாலையை விட்டு வந்தப்போ அந்தக் காசு வெள்ளைவெளேர்னு இருந்திருக்கும். அதை அப்படிப் பார்க்கிறதுதான் நியாயம். வெள்ளிக் கறையைக் கரைக்கிற டிப் திரவத்துல அஞ்சு செகண்ட் முக்கி எடுங்க, கண்ணாடி மாதிரி வந்துடும். ஊர்ல வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்தா விபூதி போட்டுத் தேய்க்கிறோம்ல? யாராவது "ஆகா என்ன நிறம்"னு ஷோகேஸ்ல வைக்கிறாங்களா?

எடிசன்வாசி:
பளிச் சார், தயவுசெஞ்சு விபூதின்னு மட்டும் சொல்லாதீங்க. போன வருஷம் அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. மேஜை மேல நான் வெச்சிருந்த 1943 வாக்கிங் லிபர்ட்டி அரை டாலர் ரெண்டையும் எடுத்து, "வெள்ளியை இப்படியா வெச்சிருப்பே"ன்னு விபூதி போட்டுத் தேய்ச்சு சாமி படத்துக்கு முன்னாடி வெச்சிருந்தாங்க. பளபளன்னுதான் இருந்துச்சு. பூதக்கண்ணாடியில பார்த்தா காசுல நடந்து போற லிபர்ட்டியோட பாவாடை மடிப்பு பூரா மயிரிழை மயிரிழையாக் கீறல். வாயைத் திறக்க முடியுமா? "நல்லா இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டேன்.

டல்லாஸ் பழஞ்சில்லறை:
ஐயோ. ஆனா அம்மா செஞ்சது தெரியாம. பளிச் சொல்றது தெரிஞ்சே செய்யச் சொல்றது.

டிப்புக்குள்ள இருக்கிறது தயோயூரியாவும் அமிலமும். படலத்தோட சேர்த்து அதுக்குக் கீழே இருக்கிற வெள்ளியிலயும் ஒரு துளி கரைஞ்சு போகும். அச்சு அடிக்கிறப்போ உலோகம் வெளிப்பக்கமா வழிஞ்சு ஓடுன நுண்ணிய வரிகள் இருக்கு பாருங்க, காற்றாடி ஒளி வர்றதே அதுலதான். ரெண்டு தடவை முக்குனா வரி மழுங்கிடும். அப்புறம் காசு வெள்ளையா இருக்கும், உயிர் இருக்காது. பல் செட் சிரிக்கிற மாதிரி. 1990-கள்ல நானே ஒரு 1941 அரை டாலரை இப்படிக் கொன்னிருக்கேன். சரியா அலசல. ரெண்டு வருஷத்துல எழுத்துகளைச் சுத்தி டீக்கறை மாதிரி பழுப்பு வந்துடுச்சு.

பளிச்:
சரி, டிப் வேண்டாம்னே வெச்சுக்கலாம். நிறத்துக்காகப் பல மடங்கு விலை குடுக்கிறீங்களே, அதைச் சொல்லுங்க. ஒரு அரை டாலர்ல இருக்கிற வெள்ளி 0.36 அவுன்ஸ். அது வெள்ளையா இருந்தா ஒரு விலை, அதே காசு கந்தகத்துல ஊறிட்டா வேற விலை. இதைப் பார்த்துத்தானே ஆளாளுக்கு வீட்டுல சமைக்க ஆரம்பிச்சிருக்கான்? கந்தகப் பொடி, வேகவெச்ச முட்டை, அடுப்பு. அசலுக்கும் நகலுக்கும் வேதியியல் ஒண்ணுதான். அதே சல்ஃபைடுதான். கலா மேடமே சொல்லட்டும்.

கார்பன் கலா:
சேர்மம் ஒண்ணுதான், ஒத்துக்கிறேன். ஆனா அது வந்த வேகம் வேற. வேகம் தடயம் விட்டுட்டுப் போகும். மெதுவா ஏறினா நிறம் வரிசை தப்பாது. மஞ்சளுக்குப் பக்கத்துல நேரா பச்சை வராது, நடுவுல உள்ள படிகள் மெல்லிசா ஒரு கோடாவாவது தெரியணும். இன்னொண்ணு, மேடான எழுத்துகளை ஒட்டி மயிரிழை அகலத்துக்கு நிறமே ஏறாத ஒரு வெளுத்த ஓரம் இருக்கும். அவசரத்துல ஏத்தினதுல பெரும்பாலும் அது இருக்காது.

எடிசன்வாசி:
இதை முன்னாடியே படிச்சிருந்தா ஒரு 1964 கென்னடி அரை டாலர்ல ஏமாந்திருக்க மாட்டேன். ஆன்லைன்ல வாங்கினது, படத்துல கருநீலம் ஜொலிச்சுது. கைக்கு வந்ததும் பார்த்தா கழுத்துல ஒரு கீறல், கீறலோட பள்ளத்துக்குள்ளயும் அதே நீலம். காசுல அடிபட்டதுக்கு அப்புறம்தான் "வயசாகி" இருக்கு! தரம் பார்க்க அனுப்பினேன், நிறம் சந்தேகத்துக்குரியதுன்னு எழுதித் திருப்பிட்டாங்க.

இந்த 1958-ல மணிப்பக்கத்து எழுத்துகளை இப்போ பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தையும் சுத்தி வெள்ளிக்கம்பி வெச்சு இழைச்ச மாதிரி ஒரு கோடு இருக்கு. மணியோட கீழ்வரிகளும், அதாவது அடிப்பக்கத்துல குறுக்கே போற கோடுகளும், அறுபடாம ஓடுது. அந்தக் குட்டிக் கழுகுக்கு மட்டும் கம்பி கொஞ்சம் மங்கல்.

டல்லாஸ் பழஞ்சில்லறை:
அந்தக் கழுகை நினைச்சாலே எனக்குச் சிரிப்புதான். அரை டாலர்ல கழுகு இருந்தாகணும்னு சட்டம். ஜான் சின்னாக் வரைஞ்ச மணிக்குப் பக்கத்துல இடம் தேடி ஒரு குருவி சைஸ்ல உட்கார வெச்சுட்டாங்க. மனுஷன் 1947-லயே போய்ச் சேர்ந்துட்டார், 1948-ல காசு வந்ததை அவர் பார்க்கல.

விஷயத்துக்கு வரேன். கீழ்வரி முழுசா இருந்து, நிறமும் இப்படின்னா அது சாதாரணக் காசு இல்ல. அதனாலதான் சொல்றேன், அட்டையில விடுங்க. கலாம்மா, உங்களுக்கு ஒரு கேள்வி: அறுபது வருஷத்துக்கும் மேல அந்த அட்டைக்குள்ளதானே கிடந்துச்சு? கறுக்கலையே. அட்டையில இருந்த கந்தகம் தீர்ந்திருக்கும். நின்னுபோன வண்டியைப் பார்த்து ஓடுதுன்னு பயப்படுறீங்க.

கார்பன் கலா:
நல்ல கேள்வி சார். படலம் தடிமனாக ஆக, கந்தகம் உள்ளே போறதும் வெள்ளி வெளியே வர்றதும் மெதுவாகும். அட்டையோட வீரியமும் குறைஞ்சிருக்கும். ஆனா இத்தனை வருஷமும் அது ஒரே வீட்டுல, ஒரே அலமாரியில இருந்திருக்கு. இப்போ இடம் மாறிடுச்சு. எடிசன்வாசி, காசை எங்கே வெச்சிருக்கீங்க?

எடிசன்வாசி:
பேஸ்மெண்ட்ல. ஹீட்டர் பக்கத்து அலமாரி.

கார்பன் கலா:
பார்த்தீங்களா.

ஸ்காபரோ தாஸ்:
தம்பி, பேஸ்மெண்ட் எண்டதும் எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. என்ர கதையைச் சொல்லுறன். பத்துப் பன்னிரண்டு ஃபிராங்க்ளினை மென்மையான பிளாஸ்டிக் ஃபிளிப்பில, அதுதான் காசு வைக்கிற சின்ன உறையில, போட்டு, ரப்பர் பாண்டால கட்டி, கீழ்வீட்டில வச்சனான். நாலு வருசம் திறக்கேல்லை. திறந்தா ஒவ்வொரு காசிலயும் பச்சையா, ஒட்டுப்பசை மாதிரி ஒண்டு. அது பிவிசி ஃபிளிப். ரப்பர் பாண்ட் பட்ட விளிம்பில நேர்கோடாக் கறுப்பு, ஏனெண்டா ரப்பரிலயும் கந்தகம்தானே. பச்சையைச் சுத்த அசிட்டோனில ஊறவச்சு எடுத்திட்டன். நகப்பூச்சு அழிக்கிற போத்தல் இல்லை, சுத்த அசிட்டோன். நிறத்துக்கு ஒண்டும் ஆகேல்லை, அசிட்டோன் சல்ஃபைடைத் தொடாது. கறுப்புக் கோடு இண்டைக்கும் இருக்குது.

டல்லாஸ் பழஞ்சில்லறை:
அதுக்குத்தான் அட்டையில விடச் சொல்றேன். மாத்தி வைக்கிறேன்னு போய்த்தான் எல்லாரும் கெடுக்கிறாங்க.

சிந்தாதிரி:
நான் சென்னையிலேர்ந்து. பழஞ்சில்லறை அண்ணே, உங்க டல்லாஸ் காத்தை வெச்சு எல்லாருக்கும் தீர்ப்பு எழுதாதீங்க. எங்க வீடு கூவத்துக்கு ரெண்டு தெரு தள்ளி. வெயில் காலத்துல அந்த நாத்தம் இருக்கே, அதுல ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கு. பூஜை விளக்கைத் தேய்ச்சு வெச்சா ஒரு மாசத்துல மங்கிடும். மாமா அமெரிக்காவுலேர்ந்து கொண்டாந்து கொடுத்த அரை டாலர் எட்டு என்கிட்ட இருக்கு. அவர் நகைக்கடை ரோஸ் காகிதத்துல மடிச்சு வெல்வெட் பெட்டியில குடுத்தார். ஆறே மாசத்துல மேலாப்புல இருந்த ரெண்டு காசு கருநீலம் தாண்டி சாம்பல் நிறத்துக்குப் போயிடுச்சு.

இப்போ ஒவ்வொண்ணும் அக்ரிலிக் காப்ஸ்யூல்ல. எல்லாம் சேர்த்து கந்தகத்தைத் தானே தின்னுக்கிற செம்பு கலந்த பிளாஸ்டிக் பைக்குள்ள. பை மேலயே கறுப்பு ஏறும், அப்போ மாத்தணும்னு தெரியும். கூடவே நிறம் மாறுற சிலிகா ஜெல். ரெண்டு வருஷமா அந்த ஆறு காசும் அசையல. இங்கே அட்டையில வெச்சிருந்தா அட்டை கந்தகம் பாதி, கூவம் பாதின்னு பங்கு போட்டுத் தின்னிருக்கும்.

பளிச்:
மொத்தத்துல உங்க அழகுப் பொருளைக் காத்துக்கிட்டேர்ந்தும் காகிதத்துக்கிட்டேர்ந்தும் ரப்பர்கிட்டேர்ந்தும் காப்பாத்தணும். என் வெள்ளைக் காசுக்கும் அதே செலவுதான், ஒத்துக்கிறேன். இருந்தாலும் எனக்கு ஆகாது.

டல்லாஸ் பழஞ்சில்லறை:
சிந்தாதிரி, உங்க ஊர் நிலைமைக்கு நீங்க செஞ்சது சரி. ஆனா எடிசன்வாசி செட்டைப் பிரிச்சா பிரிச்சதுதான். மாடி அறை அலமாரியில வெச்சு, ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே பிடிச்சா அட்டையோடயே இருக்கலாம். மர அலமாரி வேண்டாம், ஓக் மரமும் ஆவி விடும். இரும்புப் பெட்டி போதும்.

கார்பன் கலா:
அலமாரி யோசனை எனக்கும் சரி. ஆனா பிலடெல்பியா ஜோடியை அட்டையில வைக்கிறதுக்கு இன்னமும் நான் எதிர்தான். டென்வர் ஜோடி வெறும் மஞ்சள், அதுக்கு இன்னும் தூரம் இருக்கு. பிலடெல்பியாவுக்கு இல்லை. அப்புறம், தரம் பார்க்கிறவங்க காசை மூடித் தர்ற ஸ்லாப்ங்கிற பிளாஸ்டிக் பெட்டியில போட்டுட்டா கவலை விட்டுதுன்னு யாரும் நினைக்காதீங்க. அதுவும் காத்துப் புகாத பெட்டி இல்லை, மெதுவாக்கும், அவ்வளவுதான்.

எடிசன்வாசி:
முடிவு பண்ணிட்டேன். யாரும் அடிக்க வராதீங்க. செட் இப்போ மாடியில, இரும்புப் பெட்டியில, சிலிகா ஜெல்லோட. டென்வர் ஜோடியும் மத்த சில்லறையும் அட்டையிலேயே. பிலடெல்பியா ஜோடியை மட்டும் நேத்து ராத்திரி கையுறை போட்டு, விளிம்பைப் பிடிச்சு எடுத்துக் காப்ஸ்யூல்ல வெச்சுட்டேன். எடுக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே விளக்கு, அதே கோணத்துல படம் எடுத்துத் தேதி போட்டிருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து ரெண்டு ஜோடியையும் இங்கேயே போடுறேன்.

கார்பன் கலா:
நல்ல வேலை. படத்துல ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுங்க, கேமரா நிறத்தை மாத்திச் சொல்லும்.

டல்லாஸ் பழஞ்சில்லறை:
மனசு கேக்கல. போகட்டும். அந்த ரெண்டும் எந்தத் துளையிலேர்ந்து வந்துச்சுன்னு குறிச்சு வெச்சீங்களா? நாளைக்குக் காசோட நிறமும் அட்டையோட கறையும் பொருந்துதுன்னு காட்ட அது ஒண்ணுதான் மிச்சம்.

எடிசன்வாசி:
குறிச்சிட்டேன் சார். ரெண்டு துளைக்கும் கீழேயே பென்சில்ல எழுதிட்டேன்.

டல்லாஸ் பழஞ்சில்லறை:
எதுல?

எடிசன்வாசி:
அட்டையிலதான்.

டல்லாஸ் பழஞ்சில்லறை:
உங்க அம்மாவே தேவல தம்பி.